வெயிலை நம்பி ரயிலை விட்டேன்: டொலேடோவில் தனியாக ஒரு நாள்

போன ஜூன் மாதம் அலுவலக வேலையாக ஒரு வாரம் மாட்ரிட்டில் இருந்தேன். வேலை முடிந்து ஊர் திரும்புவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை முழுதாகக் கையில் கிடைத்தது. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் "டொலேடோ போ, அரை மணி நேர ரயில், சின்ன ஊர், அரை நாள் போதும்" என்றார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் கிளம்பினேன். அன்று இரவு பதினொன்றரை மணிக்கு, செத்துப்போன போனும் கொப்புளம் வெடித்த காலுமாக மாட்ரிட் தெருவில் என் ஹோட்டலைத் தேடிக்கொண்டிருந்தேன். ஊர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவ்வளவு அழகான ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அங்கே தனியாகப் போகிறவருக்கு யாராவது நாலு விஷயம் சொல்லியிருந்தால் அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு காலையிலேயே நடந்தது. அரை மணிக்கு ஒரு தடவை ஓடும் லோக்கல் வண்டி போல இருக்கும், ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்து ஒன்பது மணிக்கு அடோச்சா நிலையத்துக்குப் போனேன். டொலேடோ வண்டி அப்படி இல்லை. அது அவான்ட் என்ற அதிவேக ரயில், எல்லா இருக்கையும் முன்பதிவு, நின்றுகொண்டு போக அனுமதியே கிடையாது. அடுத்த இரண்டு வண்டிகள் நிரம்பிவிட்டன. பதினொன்றேகால் வாக்கில் கிளம்பும் வண்டியில்தான் இடம் கிடைத்தது. திரும்பி வர மாலை ஏழரையை ஒட்டி ஒரு வண்டிக்கும் சேர்த்து எடுத்தேன். ஒரு வழிக்குச் சுமார் 14 யூரோ. இரண்டு மணி நேரம் நிலையத்துக்குள் இருக்கும் வெப்பமண்டலத் தோட்டத்தில் உட்கார்ந்து, நம்மூர்ச் செடி மாதிரி இருந்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, இந்த வண்டிக்குப் பையை ஸ்கேனரில் போட்டுத்தான் உள்ளே விடுவார்கள், கிளம்புவதற்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். ஓடிப்போய் ஏறும் வேலை இங்கே நடக்காது. போகிறவர்கள் முதல் நாளே, முடிந்தால் அதற்கும் முன்பே, போக வர இரண்டுக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

இறங்கியதும் எனக்கு ஊரே கண்ணில் படவில்லை. டொலேடோ ரயில் நிலையம் ஓர் அரண்மனை போல இருக்கிறது, வண்ணக் கண்ணாடியும் மர வேலைப்பாடும் ஓடு பதித்த சுவருமாக. 1919-ல் திறந்தார்களாம். அதிலேயே கால் மணி நேரம் போய்விட்டது. வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால்தான் தெரிகிறது, ஊர் ஒரு பாறைக் குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மூன்று பக்கமும் தாஹோ ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. நம் பக்கத்து மலைக்கோட்டை ஒன்றை எடுத்து, அதன் மேல் ஒரு முழு நகரத்தைத் தூக்கி வைத்த மாதிரி. நிலையத்திலிருந்து மேலே சொகொதோவேர் சதுக்கத்துக்கு டவுன் பஸ் போகிறது. நான் அதை விட்டுவிட்டு, அல்காந்தரா பாலத்தைத் தாண்டி நடந்தே ஏறினேன். பாலம் அவ்வளவு அழகு, நடந்ததற்கு வருத்தம் இல்லை. ஆனால் காலில் போட்டிருந்தது தோல் செருப்பு. ஊர் முழுக்க உருண்டைக் கல் பதித்த தெரு, ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். ஒரு மணிக்குள் குதிகாலில் எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. அடிப்பாகம் தடித்த பழைய ஷூ இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு போங்கள், போட்டோவுக்காகச் செருப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பேருந்து நிலையத்துப் பக்கம் கீழேயிருந்து மேலே ஏற நகரும் படிக்கட்டுகள் இருக்கின்றன, காசு கிடையாது. எனக்கு அது தெரியவந்தது ராத்திரி எட்டரைக்கு.

பேராலயத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். 1226-ல் கட்ட ஆரம்பித்து 1493-ல் முடித்த கோவில் அது. டிக்கெட்டை வாசலில் தேடாதீர்கள், எதிரே இருக்கும் கடையில்தான் விற்கிறார்கள். நான் வாசலில் நின்ற வரிசையை டிக்கெட் வரிசை என்று நினைத்து இருபது நிமிடம் நின்றேன். உள்ளே எல்லோரும் பொன்னும் வெள்ளியுமாக மூன்று மீட்டரை நெருங்கும் கதிர்ப்பாத்திரத்தின் (நற்கருணை அப்பத்தை வைத்துக் காட்டும் கலம்) முன்னால் கூடுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. பலிபீடத்துக்குப் பின்னால் போய் அண்ணாந்து பார்த்தால், கூரையையே குடைந்து ஒரு பெரிய துளை போட்டிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த வேலை. அந்தத் துளையைச் சுற்றித் தேவதூதர்கள் தொங்குவது போலச் சிலைகள், நடுவே வெயில் நேராக இறங்கி இருட்டான பளிங்குச் சிற்பங்கள் மேல் விழுகிறது. மதிய வெயில் உச்சியில் இருந்த நேரம் நான் அங்கே நின்றேன். எண்ணூறு வருடக் கோவிலில் ஐநூறு வருடம் கழித்து ஒருவன் வந்து கூரையை உடைக்க அனுமதி கேட்டிருக்கிறான், அவர்களும் கொடுத்திருக்கிறார்கள். இதை நினைக்க நினைக்க ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் யூதர்கள் வாழ்ந்த பகுதிக்குப் போகலாம் என்று போன் வரைபடத்தைப் பார்த்து நடந்தேன். இங்கேதான் அடுத்த அடி. சந்துகள் இரண்டு பேர் ஒதுங்கிப் போகும் அகலம், இரு பக்கமும் மூன்று மாடி உயரக் கல் சுவர். நீலப்புள்ளி நான் நிற்கும் இடத்தை விட்டுப் பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது. வலது பக்கம் திரும்பச் சொன்னால் அங்கே சுவர் இருக்கிறது. ஒரே கிணற்றடியை மூன்று தடவை கடந்தேன். பயம் இல்லை, ஆனால் கோபம் வந்தது. முழு வெளிச்சத்தில் திரை வைத்துக்கொண்டு வரைபடம் ஓட்டியதில் பேட்டரி கரைந்துகொண்டே போனது. பவர் பேங்க் ஹோட்டல் மேஜையில். பிறகு ஒரு பெரியவர் கடை வாசலில் நின்றவர், என்னைப் பார்த்துவிட்டு, கையால் மேலே காட்டினார். பேராலயக் கோபுரம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார், அதை வைத்துத் திசை பிடி என்பதுதான் அவர் சொன்னது. அதற்கப்புறம் நான் வழி தவறவில்லை. சுற்றுலா அலுவலகத்தில் இலவசமாகக் காகித வரைபடம் தருகிறார்கள். அதை ஒன்று கையில் வைத்துக்கொண்டு, கோபுரத்தையும் சரிவையும் பார்த்து நடப்பது இந்த ஊருக்கு போனை விட நல்ல வழி.

எல் திரான்சிதோ ஜெபக்கூடத்தைப் பார்க்கத்தான் நான் அங்கே வந்ததே. பதினான்காம் நூற்றாண்டு ஜெபக்கூடம், இப்போது ஸ்பெயின் யூதர்களின் வரலாற்று அருங்காட்சியகம். கதவு பூட்டியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே இருக்கும், எல் கிரெகோ என்ற ஓவியரின் அருங்காட்சியகமும் அப்படியே. ஐரோப்பாவில் பல அரசு அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம், எனக்குத் தெரியவில்லை. பூட்டிய கதவின் முன் நின்றபோது தொண்டையை அடைத்தது. மறுபடி எப்போது இவ்வளவு தூரம் வரப்போகிறேன்? ஞாயிறு மதியத்துக்கு மேலும் அவை மூடிவிடும். டொலேடோவுக்கு ஒரே ஒரு நாள்தான் என்றால் செவ்வாய் முதல் சனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தனியார், தேவாலய நிர்வாகத்தில் இருப்பவை திறந்திருந்தன. ஏழு இடங்களுக்குச் சேர்த்து ஒரே கைப்பட்டை தருகிறார்கள், தனித்தனியாக எடுப்பதை விட மலிவு, கழற்றாத வரை செல்லும். பேராலயம் அதில் சேராது. அதை வாங்கிக்கொண்டு சாந்தா மரியா லா பிளாங்காவுக்குள் போனேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூதர்களுக்காக முஸ்லிம் கைவினை மரபில் கட்டிய ஜெபக்கூடம், பிறகு கிறிஸ்தவ ஆலயமாக மாறியது. உள்ளே வெள்ளை வெளேர் என்று குதிரை லாட வடிவ வளைவுகள், வரிசை வரிசையாக. மூன்று மதமும் ஒரே கட்டடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை. 1492-ல் அந்த யூதர்களை மதம் மாறு, இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ என்று விரட்டினார்கள். அவர்கள் கட்டிய சுவரின் குளிர்ச்சியில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நான் இளைப்பாறினேன்.

சாந்தோ தோமே ஆலயத்துக்கு எல்லோரும் போவது ஒரே ஓவியத்துக்காக, எல் கிரெகோவின் 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்'. கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் உயரம். கீழே ஒரு பிரபுவைக் கல்லறையில் இறக்குகிறார்கள், மேலே வானம் திறந்திருக்கிறது. கூட்டம் மேலே பார்க்கிறது. நீங்கள் கீழே இடது மூலையில் நிற்கும் சின்னப் பையனைப் பாருங்கள். கறுப்பு உடையில், கையில் தீப்பந்தத்தோடு, நம்மைப் பார்த்தபடி நிற்கிறான். சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை எட்டிப் பார்க்கிறது. அதில் ஓவியரின் கையெழுத்தும் 1578 என்ற வருடமும் இருக்கின்றன. படம் வரைந்தது 1586-க்கும் 1588-க்கும் இடையில். 1578 அவருடைய மகன் பிறந்த வருடம், பையன் அவன்தான். கிரீட் தீவிலிருந்து வந்த மனிதர், வெளியூர்க்காரர், 'கிரேக்கர்' என்றே கடைசி வரை ஊர் கூப்பிட்டது. தன் மகனைப் படத்தின் முன்வரிசையில் நிற்க வைத்து, பிறந்த வருடத்தையும் எழுதிவிட்டார். அதற்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அந்த அரை மணி நேரத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

அரை மணி நேரம் நின்றதன் விலை மதியச் சாப்பாடு. வெளியே வந்தபோது நாலேகால். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை. அதற்குமேல் சமையலறை மூடிவிடும், இரவு எட்டரைக்குத்தான் மறுபடி திறப்பார்கள். மூன்று இடத்தில் கை விரித்தார்கள். நான் முட்டை சாப்பிடுவேன், கறி மீன் கிடையாது. நாலாவது இடத்தில் சாலட் கேட்டேன், வெஜிடேரியன் என்று இரண்டு தடவை சொன்னேன். மேலே குவியலாகச் சூரை மீன் போட்டு வந்தது. அங்கே பலருக்கு 'இறைச்சி இல்லை' என்றால் மாடு, பன்றித் துண்டு இல்லை என்று அர்த்தம். மீனும், பொடிப்பொடியாக நறுக்கிய உப்புப் பன்றியும் கணக்கில் வருவதில்லை. பரிமாறியவர் மேல் தப்பில்லை, அவர் முகம் வாடிவிட்டது. "ஸின் கார்னே, ஸின் ஹமோன், ஸின் அதூன்" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: இறைச்சி வேண்டாம், பன்றி வேண்டாம், சூரை வேண்டாம். உருளைக்கிழங்கு முட்டை போட்ட தோர்தியா எந்த நேரமும் கிடைக்கும். சமையலறை திறந்திருக்கும் நேரத்தில் போனால் அந்தப் பக்கத்துக்கே உரிய பிஸ்தோ கிடைக்கும். தக்காளி, குடைமிளகாய், சுரைக்காய் மாதிரி ஒரு காய் எல்லாம் சேர்த்து வதக்கிய கூட்டு, நம் நாக்குக்கு ஒத்துப்போகும். கடைசியில் தோர்தியா ஒரு துண்டும் ரொட்டியும் தின்றேன். தொடாத சாலட்டுக்கும் சேர்த்து 19 யூரோ.

இனி நான் செய்த பெரிய தப்பு. சாப்பிட்டு எழுந்தபோது மணி ஐந்து தாண்டியிருந்தது, போனில் நாலு சதவீதம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும் மேடு ஒன்று இருக்கிறது, மிராதோர் தெல் வாய்யே. சான் மார்த்தின் பாலத்தைத் தாண்டி அங்கே நடந்தேன். வழியில் நிழல் குறைவு, வெயில் 35 டிகிரிக்கு மேல், பாட்டிலில் தண்ணீர் பாதிக்கும் கீழே. மேட்டுக்குப் போவதற்குள் போன் அணைந்துவிட்டது. கையில் கடிகாரம் கட்டும் பழக்கம் எப்போதோ விட்டுப்போனது. பரவாயில்லை, சூரியனைப் பார்த்தே தெரியும் என்று நினைத்தேன். ஆறும் குன்றும் கோட்டையும் கோபுரமும் சேர்ந்து தெரிந்த அந்தக் காட்சியைப் பார்த்தபடி ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரபு மொழியிலிருந்த வானியலையும் கணிதத்தையும் மருத்துவத்தையும் லத்தீனுக்குக் கொண்டுபோன ஊர் இது. இத்தாலியிலிருந்து ஜெரார்ட் என்றொருவர் பழங்கால வானியலாளர் டாலமியின் நூல் ஒன்றைத் தேடி இங்கே வந்து, அரபு கற்றுக்கொண்டு, எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்திருக்கிறார். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

வெயில் நம்மூர் நாலு மணி வெயில் மாதிரியே இருந்தது. நிழல் நீளவே இல்லை. ஆறு மணிகூட ஆகியிருக்காது என்று நிம்மதியாக வந்த வழியே திரும்பினேன், பாதாம் மிட்டாய் வாங்க வேண்டும் என்ற எண்ணம் வேறு. பாலத்துக்கு மேலே ஒரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டியிடம் மணிக்கட்டைத் தட்டிக் காட்டிக் கேட்டேன். கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். ஏழேகால். என் வண்டிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம், நிலையம் ஊரின் மறுகோடியில். வயிற்றில் ஏதோ கழன்று விழுந்தது போல இருந்தது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவது இரவு ஒன்பதே முக்காலுக்கு. வருடம் முழுவதும் ஆறு, ஆறரைக்கு இருட்டும் ஊரில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் கணக்குப் பிடிபடாது. கையில் முள் ஓடும் கடிகாரம் ஒன்று கட்டிக்கொண்டு போங்கள். வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக எழுந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அந்த மேட்டிலிருந்து திரும்பி வராமல் அதே சாலையில் முன்னே போயிருந்தால், அது ஆற்றோரமாகவே சுற்றி அல்காந்தரா பாலத்துப் பக்கம், அதாவது நிலையத்துப் பக்கமே, இறங்கியிருக்கும். காகித வரைபடம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஆகிவிட்டது. தவறவிட்ட டிக்கெட் செல்லாது. மிச்சமிருந்த வண்டியில் இடம் இல்லை. கவுன்ட்டர் முன்னால் நின்று அழுதுவிட்டேன், அதை மறைக்க வேண்டியதில்லை. தெரியாத மொழி, தெரியாத ஊர், கார்டு எல்லாம் போனுக்குள், போன் கறுப்பாகக் கிடக்கிறது. பணப்பையில் இருந்தது ஒரே ஒரு 20 யூரோ நோட்டும் சில்லறையும். பின்னால் நின்ற ஒரு பெண் ஆங்கிலத்தில், பேருந்து இருக்கிறது, அடிக்கடி போகும், மாட்ரிட்டில் பிளாசா எலிப்திகா நிலையத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து மெட்ரோ, என்று சொன்னார். இந்த ஒரு தகவல் முன்பே தெரிந்திருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். ரயிலைப் போல வேகம் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் 6 யூரோவுக்குள் முடிந்துவிட்டது. முன்பதிவும் தேவைப்படவில்லை. மாட்ரிட் மெட்ரோ இரவு ஒன்றரை வரை ஓடுவதும் நல்லதாகப் போயிற்று.

கணக்குப் பார்த்தால் போனது ரயிலுக்கு 14, பேருந்துக்கு 6, சாலட்டுக்கு 10 என்று 30 யூரோ, அன்றைய விலையில் கிட்டத்தட்ட 2,800 ரூபாய். காலையில் இரண்டு மணி நேரமும், பூட்டிய இரண்டு கதவுகளும் பணத்தில் வராது. கிளம்பும்போது ஒரு காகிதத்தில் ஹோட்டல் பெயர், தெரு, மெட்ரோ நிறுத்தம், வீட்டு எண் நான்கும் எழுதி பணப்பையில் வைத்திருந்தால், இரவில் அன்தோன் மார்த்தின் நிறுத்தத்தில் இறங்கி, ஒரே மாதிரி இருந்த தெருக்களில் அரை மணி நேரம் அலைந்திருக்க வேண்டாம்.

அறைக்குள் போய் சார்ஜரைச் சொருகியதும் போன் அதிர ஆரம்பித்தது. அம்மா இருபத்து மூன்று தடவை அழைத்திருந்தார். மதியம் கோவில் போட்டோ ஒன்று அனுப்பி "சாயங்காலம் பேசுறேம்மா" என்று சொன்னவள் நான். அங்கே அப்போது விடியற்காலை மூன்று மணி. முதல் மணியிலேயே எடுத்தார். பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் அண்ணன் குரல், மாட்ரிட்டில் இந்தியத் தூதரகத்தின் எண்ணை அப்பாவுக்கு ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.